சக்கர நட்டுகளில் சிவப்புக் கோடு

என் தங்கையின் கணவர் தம் லாரிக்கு வேறொரு கம்பெனி வண்டியின் சக்கரங்களை மாட்டி எங்கள் மலையூரான கூக்காலுக்கு ஓட்டி வந்த அன்று, ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எங்கள் லாரி வந்த நாளில் பழங்களை நானே வாங்கி நானே வைத்தேன். இந்த வித்தியாசத்தை வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் லாரி என்பது ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தின் லாரி. சமூகப்பணியில் பட்டம் பெற்று ஊர் திரும்பிய நான், அந்த நிறுவனத்தைத் தொடங்குவதற்காக ஏறாத அலுவலகம் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் விவசாயி யாரிடமும் கையேந்த வேண்டாம் என்பது என் நம்பிக்கை. இன்றும் அதில் மாற்றமில்லை.

ஆனால் எங்கள் வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிடும். தோட்டங்கள் சாலைக்குக் கீழே படிப்படியாக இறங்குகின்றன. மழை பெய்தால் பாதை குழைந்துவிடும். கேரட் மூட்டைகளைப் பெண்கள் தலையில் சுமந்து மேலே ஏற்றித் தர வேண்டும். தலைச்சுமையைக் குறைப்பது பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். தங்கையின் கணவர் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. உயரமும் அகலமும் கூடிய சக்கரங்களை வாங்கி மாட்டினார். வண்டி அடிவயிறு சேற்றில் தட்டாமல் வரப்பு வரைக்கும் இறங்கியது. நான் விரும்பிய நன்மை நடந்துவிட்டது. நடத்தியது நான் இல்லை. இதில் எது எனக்குப் பெரிதாகப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சக்கரங்கள் அவருடைய வண்டிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. போல்ட்டுகள் நுழையும் துளைகளின் இடைவெளி வேறு. மலையடிவாரப் பட்டறை ஒன்றில் பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, புதிதாகத் துளையிட்டிருந்தார்கள். நடுத்துளையோ இவர் வண்டிக்குப் பெரிது. சொந்தச் சக்கரமானால் அச்சு முனையில் இறுக உட்கார்ந்து பாரத்தில் பங்கெடுக்கும். இதில் இடைவெளி இருந்ததால் முழுப் பாரமும் போல்ட்டுகளின் மேல் விழுந்தது. நிறைந்த சுமையோடு, வளைவுக்கு வளைவு பிரேக் அழுத்தி வத்தலக்குண்டு வரை இறங்கும் வண்டிக்கு இது ஆபத்து. போதாக்குறைக்கு, பேருந்து அரிதான ஊர் என்பதால் மூட்டைகளின் மேல் ஆட்களும் ஏறிப் போனார்கள்.

இதையெல்லாம் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்கறையால் விசாரித்தேனா, குறை ஒன்று அகப்படும் என்று விசாரித்தேனா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த நோக்கத்தோடு கேட்டிருந்தாலும் கிடைத்த விடை ஒன்றாகவே இருந்திருக்கும்.

நிறுவனக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அதற்குள் எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் அவர் வண்டிக்கு மாறியிருந்தார்கள். மீதிப்பேரும் போய்விட்டால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான். நான் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்த கேரட் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"ஏந் தாயி, ஒங்க வண்டி ரோட்டுலயே நிக்கிதே, அது ஆபத்தில்லையா? எங்க கழுத்தக் கேட்டுப் பாரு, சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள், நான் கொடைக்கானலில் அவளுக்கு வாங்கித் தந்திருந்த நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கிச் சக்கரத்தின் மேல் முடியும்படி ஒரே இழுப்பில் சிவப்புக் கோடு போட்டாள். நட்டு சற்றே திரும்பினாலும் கோடு முறிந்து தெரிந்துவிடும். என் எச்சரிக்கையைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான். ஊரோ, புருஷன் வண்டிமேல் அவளுக்கு இருக்கும் கவனத்தை மெச்சியது. எச்சரித்தவளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அன்றிலிருந்து வெள்ளனே எழுந்து, அவர் வண்டி நிற்கும் இடத்திற்குப் போய்க் கோடுகளைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. அவர் "வாங்க மதினி" என்பார். நான் தலையசைத்துவிட்டுச் சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்ப்பேன். எல்லாக் கோடுகளும் நேராக இருக்கும். மக்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று அறிவு சொல்லும். ஆனாலும் திரும்பி நடக்கையில் ஏதோ கிடைக்காமல் போனது போலிருக்கும்.

மழை விட்ட ஒரு காலையில் அது கிடைத்தது. வண்டி தோட்டத்து ஓரத்தில் முழுச் சுமையோடு நின்றது. வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கக் கிளம்பிய அதே பெரியம்மாவும் வேறு சில பெண்களும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பின்சக்கரத்தில் ஒரு கோடு முறிந்திருந்தது. நட்டின் மேல் இருந்த பாதி, சக்கரத்தின் மேல் இருந்த பாதியை விட்டு ஓர் அரிசி அகலம் விலகியிருந்தது.

மேலே சாலையில் எங்கள் லாரி காலியாக நின்றது. நான் வாயைத் திறந்தால் இந்தச் சரக்கு முழுவதும் அதற்கு வரும். திறக்காவிட்டால் வண்டி மலையிறங்கும். இதில் எடைபோட எதுவும் இல்லை. எந்தக் குரலில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்த எல்லாக் குரல்களும் மகிழ்ச்சியாகவே ஒலித்தன.

"மாப்ள, ஒரு கோடு நகந்திருக்கு" என்றேன்.

அவர் ஸ்பானரோடு வந்து உட்கார்ந்தார். அந்த நட்டு அழுத்தாமலே திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியபோது, புதிதாகப் போட்ட துளைகள் வட்டம் குலைந்து முட்டை வடிவில் தேய்ந்திருந்தன. அவர் சிறிது நேரம் அவற்றை விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"எறங்குங்க எல்லாரும். இந்த வண்டி மலை எறங்காது."

அவ்வளவுதான் சொன்னார். சமாளிக்கவில்லை, என்னைக் குறை கூறவுமில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மூட்டைகள் மறுபடியும் பெண்களின் தலைகளில் ஏறின. வழுக்கும் பாதையில், கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொன்றாக எங்கள் லாரிக்கு வந்து சேர்ந்தன. நான் இத்தனை மாதங்களாக விரும்பிய சரக்கு அது. நானும் ஒரு மூட்டையின் முனையைப் பிடித்தேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் மூட்டை சுமக்க வந்திருந்த தங்கையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தெனந்தெனம் வந்து இப்பிடி உத்து உத்துப் பாத்தா, நட்டு கழலாம என்ன செய்யும்? ஏ புள்ள, ஒங்கக்கா காலடி மண்ண எடுத்து வண்டிக்குச் சுத்திப் போடு."

கண்ணேறு பற்றி நான் பேசியிருக்க முடியும். அதன் பின்னுள்ள அறியாமையைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் நான் எப்படிப் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். தங்கை உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் நகந்துக்கக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நகர்ந்துகொண்டேன். என் செருப்பின் தடம் பதிந்த ஈர மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனாள்.

இப்போதைய ஏற்பாடு அவருடைய யோசனைதான். துளைகள் சரியாக உள்ள வேறு சக்கரங்களைத் தேடிப் போட்டு, நடு இடைவெளிக்கு வளையமும் செய்து வைத்தார். அப்படியும் அந்த வண்டி மலையிறங்குவதில்லை. தோட்டங்களிலிருந்து சாலை வரைக்கும் மெதுவாகச் சரக்கை ஏற்றி வருவது அவர் வேலை. அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் எங்கள் லாரியின் வேலை. போன உறுப்பினர்கள் திரும்பிவிட்டார்கள். மூட்டைமேல் ஆள் ஏற்றுவது நின்றுவிட்டது. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது நல்ல முடிவு. வருடாந்திர அறிக்கையில் நானே அப்படித்தான் எழுதினேன்.

ஆனால் தோட்டத்துக்குப் போகிறவர் அவர். கழுத்து வலி குறைந்தவர்கள் நன்றி சொல்வது அவரிடம். விலை குறைந்த நாளில் பதில் சொல்ல நிற்பவள் நான். காலையில் சாலையோரம் இரண்டு வண்டிகளையும் பின்பக்கம் ஒட்டி நிறுத்திச் சரக்கு மாற்றும்போது, பெரியம்மா தூக்குவாளியில் அவருக்கு டீ கொண்டு வருவார்.

"மதினிக்கும் ஊத்துங்க பெரியம்மா" என்பார் அவர்.

அவர் சொன்ன பிறகு எனக்கும் கிடைக்கும். வாங்கிக் குடிப்பேன். பிறகு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வண்டியைச் சுற்றி நடந்து, தங்கை புதிதாகப் போட்ட கோடுகளைக் குனிந்து பார்ப்பேன். இன்றும் பார்த்தேன். எல்லாம் நேராகவே இருந்தன.