சித்தி அள்ளிய மாப்பிள்ளை

"ஊரே குளிக்குமாம், நான் துவட்டணுமாம்! இது எந்த ஊரு நியாயம்டா?"

சித்தி இதைச் சொல்லாத நாளே கிடையாது. செருப்பைக் கழற்றும்போது ஒருமுறை. சாப்பிட உட்காரும்போது ஒருமுறை. சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டினால், அதற்கும் மேலே குரலெடுத்து இன்னொரு முறை. சித்தப்பா தையல்காரர். வாயில் குண்டூசி இருப்பதால் "ம்ம்" என்பதுதான் அவருடைய பதில். குண்டூசி இல்லாதபோதும் அதே பதில்தான்.

சித்திக்கு ஏரியில் வேலை, களை அள்ளும் இயந்திரப் படகு ஓட்டுவது. அதற்கு முன்னால் குப்பை லாரி ஓட்டினாள். "அப்போ குப்பையைத் தேடி நான் போனேன். இப்போ அதுவே ஆத்துல ஏறி என்னைத் தேடி வருது!" என்று பெருமையும் எரிச்சலும் கலந்து சொல்வாள்.

நகரத்துக்கு நடுவே ஓடும் ஆறு இந்த ஏரியில்தான் வந்து விழுகிறது. சாக்கடை, சாயப்பட்டறைத் தண்ணீர், சோப்பு நுரை எல்லாம் கூடவே வரும். மீனுக்கு அது விஷம், ஆகாயத்தாமரைக்கு விருந்து. தின்று கொழுத்து, வேரோடு வேர் பின்னி, தண்ணீரே தெரியாமல் மூடிவிடும். மேலே ஊதா ஊதாவாகப் பூ. தெரியாதவன் பார்த்தால் புல்வெளி என்றுதான் நினைப்பான்.

அது போதாதா? கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் எல்லாம் படம் பிடிக்க அங்கேதான் வந்தார்கள். சித்தி படகிலிருந்தே கத்துவாள்:

"ஏம்மா தங்கம், அது தோட்டம் இல்ல, உங்க வீட்டுச் சாக்கடை பூத்திருக்கு! மூக்கை மூடிக்கிட்டுச் சிரிங்க!"

அன்றைக்கு சித்தி செல்போனை வீட்டிலேயே மறந்துவிட்டாள். கொடுக்கலாம் என்று ஏரிக்குப் போனேன். ஆறு வந்து விழும் மூலையில் சந்தன நிறக் கோட்டு போட்ட ஒரு மாப்பிள்ளை, அவர் கட்டிக்கொள்ளப்போகிற பெண், கழுத்தில் இரண்டு கேமராவோடு ஒரு போட்டோகிராபர்.

"ப்ரோ, லைட்டா பின்னாடி... சூப்பர்! இன்னும் கொஞ்சம்... செம! இன்னும்..."

கரை எங்கே முடிந்தது, பச்சை எங்கே ஆரம்பித்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சளக்!

"அய்யோ, விளையாடாதீங்க, எந்திரிங்க!" என்றாள் அந்தப் பெண். அவர் விளையாடவில்லை. கழுத்து மட்டும்தான் வெளியே தெரிந்தது. உதைக்க உதைக்க வேர்கள் காலைச் சுற்றின. போட்டோகிராபர் ஒரு காலை எடுத்து வைத்தார், அதுவும் உள்ளே போனது. சட்டையைப் பிடித்து நான்தான் பின்னால் இழுத்தேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்: "சித்தீ!"

படகு திரும்பியது. அதன் முகப்பில், தண்ணீருக்குள், களையை வெட்டும் கத்திகள். அதற்குப் பின்னால், வெட்டியதை மேலே ஏற்றும் பல் வைத்த பெல்ட். புகையைக் கக்கிக்கொண்டு, களையைக் கிழித்துக்கொண்டு வந்தாள் சித்தி. ஒரு பஸ் நீளம் தள்ளி வந்ததும் கத்தியை நிறுத்திவிட்டாள். ஓடினால் ஆளையும் வெட்டும். நிறுத்தியதும் வெட்டாத களையில் மோதி, படகு சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டது.

"டேய் மாப்ள! காலை ஆட்டாத! மல்லாந்து படு! அந்தக் கொடியைக் கட்டிப் புடி! அப்படி இல்லடா, பொண்டாட்டியைப் புடிக்கிற மாதிரி புடி!"

கரையிலிருந்து அழுகையோடு ஒரு குரல்: "இன்னும் கல்யாணம் ஆகலக்கா!"

"ஆகணும்னா புடிக்கச் சொல்லு!"

பிடித்தார். சித்தி பெல்ட்டை மட்டும் ஓட்டினாள். அதன் பற்கள் களையின் விளிம்பைக் கவ்வி இழுத்தன. பின்னிக் கிடந்த களை அறுபடவில்லை. கட்டிலில் விரித்த போர்வையை ஒரு முனையில் பிடித்து உருவினால் மேலே கிடப்பதெல்லாம் வருமே, அப்படி மொத்தப் பச்சையும் படகை நோக்கி நகர்ந்தது. நடுவில் மாப்பிள்ளை! வந்தார், வந்தார், பெல்ட்டில் ஏறினார், நத்தை, ஷாம்பூ பாட்டில், யாருடையதோ ஒற்றைச் செருப்பு இவற்றோடு மேலே போய் விழுந்து இருமினார். போட்டோகிராபர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன்.

கரையில் இறக்கியதும் அந்தப் பெண் ஓடி வந்தாள். நாற்றம் எட்டியது. ஒரு கணம் நின்றாள். "பரவால்ல போ!" என்று கட்டிக்கொண்டாள். சித்தி ஹோஸ் பைப்பை எடுத்து இருவர் மேலும் சேர்த்துத் தண்ணீர் அடித்தாள்.

பல் தந்தியடிக்க மாப்பிள்ளை சொன்னார்: "அக்கா, நீங்க இல்லேன்னா நான் இல்ல. எங்க கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும். முன்வரிசையில உக்காரணும்."

சித்தி தண்ணீரை நிறுத்தாமலே சொன்னாள்:

"வராம என்னடா ராஜா? ஆனா முன்வரிசை எல்லாம் வேணாம். நேரா மண்டபத்துக்குப் பின்னாடி போயி, பாத்திரம் கழுவுற தண்ணி எங்க போகுதுன்னு பார்ப்பேன். குழாய் ஆத்துல போய் விழுந்துச்சுன்னு வை, மேடையேறி மைக்கைப் புடுங்கிடுவேன். உங்க மாமனார் வந்து 'இந்தப் பொம்பளையை யாரு கூப்பிட்டது'ன்னு கேட்டா, உன்னைத்தான் கைகாட்டுவேன்!"