மலைக்கு அளவு காட்ட நின்றவன்

சென்னைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் என் சித்தப்பாதான். மார்கழி பிறந்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சிட்லபாக்கத்திலிருந்து மொபெட்டில் கிளம்பிவிடுவார். ஒரு வாரம் திரிசூலம், ஒரு வாரம் திருநீர்மலை, ஒரு வாரம் தாம்பரம் பச்சைமலை. நாங்கள் மரியாதையாக மலை என்று சொல்வதை ஊட்டிக்காரர்கள் பார்த்தால், இந்த மேட்டைச் சமன் செய்து வீடு கட்டலாமே என்பார்கள். பனிமூட்டத்தில் எடுத்தால் எந்த மேடும் இமயமலைதான் என்பது சித்தப்பாவின் கொள்கை.

பின்சீட்டில் நான். நான்காம் வகுப்புதான், ஆனாலும் எனக்கு ஒரு பதவி இருந்தது. சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூரத்துப் பாறையில் ஏறி நிற்க வேண்டும். "ஆள் நின்னாத்தான்டா மலையோட உசரம் தெரியும்" என்பார். அவருடைய ஆல்பம் முழுக்க நான் குங்குமப் பொட்டு அளவுக்கு இருப்பேன். அது நான்தான் என்று உறவுக்காரர்களுக்கு நானே விரல் வைத்துக் காட்ட வேண்டும். வேலைக்குப் போகும் பிரம்மச்சாரி வாரா வாரம் விடியலில் எங்கே போகிறான் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பையனும் கூடப் போகிறானே, பிறகு என்ன?

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு வண்டலூர்ப் பக்கத்துக் குன்று ஒன்று பிடித்துப்போய்விட்டது. தொடர்ந்து நான்கு ஞாயிறு அதே குன்று. ஏன் என்று கேட்டதற்கு, பனி ஒவ்வொரு வாரமும் வேற மாதிரி இருக்கும் என்றார். கலைஞர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான்காவது ஞாயிறு என்னை வழக்கத்தைவிடத் தூரமான பாறையில் நிறுத்தினார். "நான் கை தூக்கி ஆட்டற வரைக்கும் அசையாதே, அசைஞ்சா படம் ஷேக் ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பனி இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. எனக்கு அவர் தெரியவில்லை. அவருக்கும் நான் தெரியமாட்டேன் என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. மூக்கு நுனியில் கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது. நான் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு நிமிஷம் சும்மா உட்காரவைக்க முடியாத டீச்சர் அன்று என்னைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

அப்போதுதான் சிங்கம் கத்தியது.

சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏற முடியாமல் முனகுவதுபோல, அடிவயிற்றிலிருந்து, விட்டு விட்டு. பக்கத்தில் ஜூ இருப்பது எனக்குத் தெரியும். சுற்றுலா போனபோது அந்தச் சிங்கத்தைப் பார்த்தும் இருக்கிறேன். வாழைப்பழத் தோல் வீசியும் எழுந்திருக்காமல் தூங்கிய சிங்கம். ஆனால் பனிக்குள்ளிருந்து சத்தம் வரும்போது சுவர், அகழி, கம்பி எதுவுமே ஞாபகத்துக்கு வருவதில்லை. இரண்டாவது முறை கத்தியபோது சத்தம் நெருங்கிவிட்டதாகத் தோன்றியது. மூன்றாவது முறை என் டவுசர் நனைந்துவிட்டது.

சிவப்பைக் கண்டால் மிருகங்களுக்கு ஆகாது என்று யாரோ சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி வீசினேன். சிங்கம் அதைத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் நான் தப்பித்துவிடலாம் என்று கணக்கு. சித்தப்பா நின்றிருந்த இடத்துக்கு விழுந்தடித்து ஓடினால், கேமரா ஸ்டாண்டு மட்டும் மூன்று காலையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. சித்தப்பாவும் இல்லை, கேமராவும் இல்லை. சித்தப்பாவைத் தின்றது சரி, கேமராவையுமா தின்னும் என்று ஒரு கணம் நின்று யோசித்தேன். அம்மாவிடம் போய் என்ன சொல்வது, மொபெட்டை யார் ஓட்டுவது என்று அடுத்தடுத்துக் கவலைகள். பிறகுதான் அழுகை வந்தது.

அழுகைக்கு நடுவே பாறைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் சித்தப்பா முழுசாக இருக்கிறார், கேமரா கண்ணில் இருக்கிறது. எதிரே ஒரு அக்கா பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவைத் தாண்டி ஓடிப்போய், முன்பின் தெரியாத அந்த அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள்தான் இன்று எனக்குச் சித்தி. அன்று அது எனக்கு மட்டுமல்ல, வீட்டில் யாருக்குமே தெரியாது.

"சிங்கமா?" என்றாள். "அது அதோட எடத்துலதான் இருக்கு. தெனமும் கத்தும். எங்க வீட்ல அது கத்தினாத்தான் பால் அடுப்புல வைப்போம்."

பால் காய்ச்ச உதவுகிற சிங்கம் என்றதும் பயம் மளமளவென்று இறங்கிவிட்டது. என் நிலைமையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் பூப்போட்ட துப்பட்டாவை எனக்கு வேட்டியாகக் கட்டிவிட்டாள். டவுசரைப் பிழிந்து பாறையில் விரித்தாள். ஸ்வெட்டரைச் சித்தப்பா தேடி எடுத்துவந்தார். அக்காவின் டிபன் டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி மூன்று பேருக்குச் சரியாக இருந்தது. வண்டலூர்க்காரர்கள் மலையேறும்போது உபரியாக இட்லி கொண்டுவருவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு ஐந்து தின்றேன்.

திரும்பும்போது பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மொபெட்டை நிறுத்தினார் சித்தப்பா. துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, இன்னும் ஈரமாக இருந்த டவுசரை மறுபடி போடச் சொன்னார். காய்ந்த துணி இருக்கும்போது ஈரத்தை எதற்குப் போட வேண்டும் என்று கேட்டேன். அவர் துப்பட்டாவை நான்காக மடித்துக் கேமராப் பைக்குள் லென்சுக்கும் கீழே வைத்தார்.

வீட்டு வாசலிலேயே அம்மா டவுசரைப் பார்த்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"சுனையில வழுக்கி விழுந்துட்டான் அண்ணி. பாசி. நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன்."

எந்தப் பாறை, எவ்வளவு ஆழம், எந்தக் கை என்றெல்லாம் அம்மா கேட்கக் கேட்க, சித்தப்பா வியர்க்க வியர்க்கச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு சிறுவன் டவுசரை நனைத்துக்கொண்ட அவமானத்தை மறைக்க ஒரு பெரிய மனிதர் இவ்வளவு பொய் சொல்வாரா? அம்மா உள்ளே போனதும் அவரிடம், இன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன், நீங்களும் விடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

சித்தப்பா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "சத்தியமா?" என்றார்.

அவர் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. மொபெட் ஓட்டி வந்த குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தவன் நான் ஒருவன்தான் என்ற நிம்மதியோடு குளிக்கப் போனேன்.