அக்கா கட்டிய நான்கு பேட்டரிகள்

நான்கு பேட்டரிகள் போடும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு ஸ்பிரிங். பார்க்க அத்தனை நேர்த்தி. நேர்த்தியாக இருப்பது சரியாகவும் இருக்கும் என்று நம்பித்தான் மலேசியாவின் குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இத்தனை வருடமாகத் தரப் பரிசோதகராகச் சம்பளம் வாங்குகிறேன். க்யூசி என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். அவர்கள் அப்படிப் பயப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தலைக்கனத்தால்தான் எனக்கிருந்த ஒரே தோழியை இழந்தேன்.

அவர் ஈயத்தை உருக்கி இணைப்பு ஒட்டும் எங்கள் சாலிடரிங் வரிசையின் லைன் லீடர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. கணவர் இறந்து, மகளும் சிங்கப்பூர் வேலைக்குப் போன பிறகு அவர் வீட்டில் யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாத என் வீட்டில் முதலிலிருந்தே யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல். துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு முடித்தாலும் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும்.

ஒரு வருடம் கம்பெனி குடும்ப தினத்தில் தண்ணீர் ராக்கெட் போட்டி வைத்தார்கள். பிளாஸ்டிக் புட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றை இழுத்துவிட்டால் பீய்ச்சிக்கொண்டு மேலே போகும். பிள்ளைகளுக்கான போட்டிதான், ஆள் குறைகிறதென்று எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டார்கள். எங்கள் புட்டி தொழிற்சாலைக் கூரையைத் தாண்டிப் போனது. அக்கா நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடுத்த ஞாயிறும் விடலாமா?" என்றார்.

ரெங்கம் பக்கம் மறுநடவுக்காகச் செம்பனைகளை வெட்டிச் சாய்த்திருந்த ஒரு வெட்டவெளியைப் பிடித்துக்கொண்டோம். புட்டி மேலே போவது மட்டும் அக்காவுக்குப் போதவில்லை. அது பாராசூட்டில் மெதுவாக இறங்க வேண்டும். உயரத்தை அளக்கும் ஒரு சின்ன போர்டும், உச்சிக்குப் போனதும் மூடியைத் திறந்து பாராசூட்டை வெளியே விட ஒரு குட்டி மோட்டாரும் வாங்கினோம். இரண்டுக்கும் மின்சாரம் எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் வம்பு ஆரம்பித்தது.

முதலில் சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி. மோட்டார் திரும்பும்போதெல்லாம் போர்டு மயங்கிப்போனது. அந்தப் பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தைச் சட்டென்று தர முடியாது. கைப்பேசியில் இருப்பதுபோல் தட்டையான லித்தியம் வைக்கலாம் என்றேன். "விழுந்து நசுங்குனா தீப்பிடிக்கும். இங்க பூரா காஞ்ச மட்டையா கெடக்கு, தோட்டத்தையே கொளுத்திட்டு ஓடணும் லா" என்று அக்கா மறுத்துவிட்டார். கடைசியில் உலோகப் பட்டை ஒட்டிய நான்கு சின்ன ரீசார்ஜ் பேட்டரிகளைத் தலை மாற்றி அடுக்கி, பட்டையோடு பட்டை சேர்த்துச் சாலிடர் செய்து, தையல் நூலால் இறுக்கிக் கட்டினார். வயரையும் ஒரு சுற்று நூலுக்குள் விட்டு எடுத்தார். இழுபட்டால் நூல் தாங்கட்டும், சாலிடர் தாங்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. கட்டி முடித்ததும் வயரைப் பிடித்துத் தூக்கி நன்றாக உதறிப் பார்ப்பார். பதினோரு முறை அந்தக் கட்டு மேலே போனது. பதினோரு முறையும் பாராசூட் விரிந்தது. அந்த ஞாயிறுகளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த குடும்ப தினத்தில் எல்லோர் முன்னாலும் விடுவதென்று முடிவானது. அக்கா இரண்டு மாதம் உட்கார்ந்து புது ராக்கெட் செய்தார். எனக்கோ அந்த நூல் கட்டைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மேனேஜர்கள் திறந்து பார்ப்பார்கள், பொட்டலம் மாதிரி ஒன்றையா காட்டுவது? "இது க்யூசி பாஸ் ஆகாதுக்கா" என்று கேலி செய்து, இந்தக் கறுப்புப் பெட்டியை நீட்டினேன். அக்கா ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆடுதே. இது தாங்குமா?"

"டிவி ரிமோட்ல கூட இதான் இருக்கு."

"ரிமோட் பறக்காது லா" என்று சிரித்தார். ஆனாலும் எனக்காகப் பெட்டியின் வயரை போர்டில் சாலிடர் செய்துகொடுத்தார்.

அன்று பாடாங் திடலில் நல்ல கூட்டம். ராக்கெட் அழகாகத்தான் கிளம்பியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு நேராக வந்து தரையில் குத்தியது. பாராசூட் விரியவே இல்லை. யாரோ சிரித்தார்கள். ஒரு மேனேஜர், "என்ன ஆச்சு க்யூசி?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "கோல்டு ஜாயிண்ட்" என்றேன். சாலிடர் சரியாக உருகிப் பிடிக்காத இணைப்புக்கு எங்கள் வேலையில் அதுதான் பெயர். இருபத்திரண்டு வருடம் சாலிடர் பிடித்த கையைப் பற்றி, அவர் வரிசைப் பெண்கள் எல்லோரும் நிற்கும்போது சொன்னேன். உடைந்த புட்டிக்குள் போர்டின் விளக்கு அப்போதும் மின்னிக்கொண்டிருந்தது. இணைப்பு விட்டிருந்தால் அது எரியாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் சொன்னதை மாற்றவில்லை.

அக்கா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். பெட்டியையும் போர்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு முட்டி வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறும் முட்டி வலி. வேலையிடத்தில் பார்த்தால் சிரிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு பெக்கோக்கில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான் தனியாக ரெங்கம் போனேன். காற்றடிப்பவளும் நானே, கயிறு இழுப்பவளும் நானே. நன்றாகப் போனாலும் சொல்ல ஆளில்லை.

ஒரு ஞாயிறு காலை, மனசு கேட்காமல், அந்தப் பெட்டியில் பேட்டரி போட்டு போர்டை எரியவிட்டேன். பெட்டியைக் கையில் பிடித்து மெத்தையில் ஓங்கி ஒரு குத்து. விளக்கு அணைந்து, கண் சிமிட்டும் நேரத்தில் மறுபடி எரிந்தது. ராக்கெட் வேகமாகக் கிளம்பியபோதும் இதுதான் நடந்திருக்கிறது. பேட்டரிகள் தங்கள் கனத்தால் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்க, மின்சாரம் விட்டுப்போயிருக்கிறது. நடுவானில் மறுபடி விழித்த போர்டு, இருக்கும் இடத்தையே தரை என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டது. அக்காவின் சாலிடரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

அன்றே பெக்கோக்குக்குக் கார் ஓட்டினேன். அக்கா தங்கையின் தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பால் சேர்க்காத தே ஓ கலந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "வெளக்கு எரிஞ்சுச்சே."

"அப்புறம் ஏன்க்கா நீங்க சொல்லல?"

"க்யூசி ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டினா, ஒட்டினவங்கதான் எடுக்கணும். லைன் லீடர் கை வைக்கக்கூடாது. நம்ம ரூல்தானே அது?" பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஆறு மாசம் தெனமும் உன் முன்னாலதான நின்னேன்."

நான் அழுதுவிட்டேன். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து காரில் அழைத்துப் போகிறேன், ரெங்கம் போகலாமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல லா" என்றார். "இங்க பழகிருச்சு."

அவர் சொன்னது உண்மைதான், கோபம் இல்லை. கொஞ்சமாவது கோபம் மிச்சம் இருந்திருந்தால், சண்டை போடவாவது என்னோடு வந்திருப்பார்.