மூச்சு வாங்கும் இடம்

என் வீட்டுக்காரருக்கு லிப்ட் ரிப்பேர் வேலை. நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேச மாட்டார். வாரம் முழுக்கப் பேசாததையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் ஊதித் தீர்ப்பார். எங்கள் பேட்டை பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா அவருடையது. மடியில் வைத்தால் ஆளையே மறைத்துவிடும் பெரிய குழல். அவருக்கு இடது பக்கத்து நாற்காலியில் இன்னொரு டியூபா, அவருடைய தம்பி. பின்வரிசையில் நான், ஜால்ரா. வீட்டில் நான் யாருக்கும் ஜால்ரா போட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே இசைத்தாள். அடிநாதம் அறுபடக் கூடாது. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் விடாமல் ஊத வேண்டும். அண்ணன் மூச்செடுக்கும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும், தம்பிக்குப் பெருக்கல் குறி. கேட்பவர்களுக்கு யாரோ ஒரே ஆள் மூச்சே விடாமல் ஊதுவது போலிருக்கும். இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடியது. மேலே ட்ரம்பெட்காரர்கள் என்ன கூத்தடித்தாலும் கீழே இவர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை பார்த்த அச்சகத்தில் உட்கார்ந்தபடியே தம்பி போய்விட்டான். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு திரிந்த பிள்ளை. நான் தொண்டை கிழிய அழுதேன். இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆறாவது வாரம் குழலைத் துடைத்துக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பின்னாலேயே போனேன்.

ஒவ்வொரு வட்டம் வரும்போதும் ஓர் ஓட்டை விழுந்தது. இவர் நிதானமாக மூச்சு வாங்குவார், கீழே ஒன்றுமே இருக்காது, மொத்தக் குழுவும் படி தவறினாற்போல் தடுமாறும். குழுவை நடத்தும் பூகோள வாத்தியார் நல்ல மனிதர். துணைக்கு ஆளில்லாததால் சட்டென்று மூச்செடுத்துச் சமாளிக்கும்படி தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். எந்த ஓட்டையைச் சொல்கிறார் என்றே இவருக்குப் புரியவில்லை. மூன்றாவது ஒத்திகையில் வாத்தியார் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். இவர் கடைசிவரை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல தம்பி ஊதறது பதிவாகல சார்."

வாத்தியார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில், என்னங்க இப்படி உளறினீர்கள் என்று எகிறினேன். லிப்ட்டில் என்ன பழுது என்று சொல்வது போலச் சொன்னார்.

"நான் மூச்செடுக்கறப்ப அவன் ஊதறான். எப்பவும் போலதான். எடது காதுல கேக்குது."

பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிப்பவள் நான். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவருக்கு இடது பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன். சவரம் செய்யும்போது பாதியில் நிறுத்தித் தலையை இடப்பக்கமாகச் சாய்ப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்ப்பேன். பயமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டு மாதத்தில் பொது மேடையில் கச்சேரி. ஓட்டை அடைபடாவிட்டால் இவரை உட்கார வைக்க முடியாது என்று வாத்தியார் என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த நாற்காலியும் போனால் இந்த மனிதருக்கு என்ன மிச்சம்? நான் சண்டைக்குப் போகவில்லை, ஆள் தேடினேன். கண் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, முன்பு வேறொரு குழுவில் டியூபா ஊதியவள். கையோடு இழுத்து வந்து தம்பி நாற்காலியில் உட்கார வைத்தேன். அதே இசைத்தாளில் பெருக்கல் குறி பார்த்து அவள் மூச்சு வாங்கினாள், வட்டம் வந்தபோதெல்லாம் விடாமல் ஊதினாள். ஓட்டை போன இடம் தெரியவில்லை. வாத்தியார் கை தட்டினார். சந்தோஷம் தாங்காமல் நானும் வேண்டாத இடத்தில் ஜால்ராவை ஓங்கி அடித்துத் தொலைத்தேன்.

இவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு அவன் வரல," என்றார். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஊதுது. அவன் எங்க ஊதுவான்?"

அப்புறம் அழுதார். அத்தனை மாதம் வராத அழுகை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. நல்லது செய்கிறேன் என்று போய், என் கொழுந்தனை இரண்டாவது தடவை வழியனுப்பியவள் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை இவரே நர்ஸிடம் ஒன்று கேட்டார். மெதுவான பாட்டில் கடைசி வட்டத்தில் மட்டும் அவள் ஊதாமலிருக்க வேண்டும். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

வாசித்தோம். அந்த வட்டம் வந்தது. இவர் குழலிலிருந்து வாயை எடுத்தார், அவளும் எடுத்தாள். யாரும் சொல்லாமலே ட்ரம்பெட்டெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. இவர் தலையை இடப்பக்கம் சாய்த்துக் காத்திருந்தார், ஒரு மூச்சுக்கு வேண்டியதைவிட ரொம்ப நேரம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் மனசுக்குள் வாடா தம்பி, வாடா என்று கூப்பிட்டேன்.

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ நீயே ஊதிடும்மா."

நாலு வரி முன்னாலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். வட்டத்தில் அவள் ஊதினாள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.