வம்சம் பார்த்த சுலோசனா மேடம்

"உங்க மேடம் பூட்டாங்க சார். இட்லி சாப்டுகினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." மேடத்தின் கணவர் ஏழுமலையின் குரலைக் கைபேசியில், அரக்கோணம் ரயில் நிலையத்து இரைச்சலில் கேட்டேன். அடுத்த வண்டியில் திருத்தணிக்குத் திரும்பினேன்.

சுலோசனா மேடத்திடம் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் என்னோடு வரலாறு நடத்தினார். பழைய இங்கிலாந்தை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் அரச குடும்பங்கள்தான் அவருடைய ஆய்வு. யார் யாருக்குப் பிள்ளை, யார் பெயர் எங்கே காணாமல் போனது என்று வாழ்நாள் முழுக்கத் தேடினார்.

"திருத்தணியில உக்காந்துகினு வெள்ளக்கார ராஜாவுக்கு ஏன்மா வம்சம் பாக்கறீங்க?" என்று ஒரு சக ஆசிரியர் சிரித்தார்.

"அவங்க வூட்டு வாசல்ல என்னை யாரும் துரத்த மாட்டாங்க சார்."

மேடத்தின் குடும்பத்துக்குத் திருவாலங்காட்டில் நிலம் உண்டு. அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவரின் மகன் ஏழுமலை, படித்து ரயில்வேயில் சேர்ந்தவர். அவரை மணந்ததும் வீடு மேடத்தைத் தலைமுழுகியது. அப்பா இறந்தபோது முகம் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். தம்பி தாமோதரன் தெருமுனையிலேயே மறித்தார். "நைனாவுக்கு ஒரே புள்ள, அது நாந்தான். வந்த வழியே போ."

அந்த வாரமும் வகுப்பு எடுத்தார். சாக்சன் அரசர்கள் கிறிஸ்தவர்களான பிறகு தங்கள் வம்சத்தை ஆதாம் வரை நீட்ட, நோவாவின் பேழைக்குள் ஒரு பிள்ளை பிறந்ததாகவே எழுதிக்கொண்டார்கள். "வேணும்னா கப்பல்லயே புள்ள பொறக்கும். வேணாம்னா பெத்த பொண்ணே இருக்க மாட்டா," என்றார். அன்றைய மெர்சியா நாட்டை ஆண்ட எதெல்ஃப்ளெட் என்ற பெண் இறந்ததும், அவள் மகள் எல்ஃப்வின்னின் அதிகாரத்தைப் பறித்து, அவளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவள் என்ன ஆனாள் என்று உறுதியாகத் தெரியவில்லை. "கொண்டுபோனது யாரு தெரியுமா? தாய்மாமன்."

சாவு வீட்டுக்கு நான் போவதற்குள் தாமோதரன் பேனர் கட்டிவிட்டார். 'எங்கள் குலவிளக்கு' என்று மேடத்தின் படம். கீழே அப்பா பெயர், தம்பி பெயர், தம்பி மகன் பெயர். ஏழுமலையும் மகள் வெண்ணிலாவும் அதில் இல்லை. மேடத்தின் பழைய மாணவர்கள், இன்று பெரிய பதவிகளில் இருப்பவர்கள், காரில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் தாமோதரன் கும்பிட்டு வரவேற்றார். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறாராம்.

"என் பேரு எங்க?" என்று கேட்டார் ஏழுமலை.

"சாவு வூட்ல எதுக்கு பாவா அதெல்லாம்?"

இத்தனை வருடத்தில் அக்காள் கணவரை அவர் பாவா என்று அழைத்தது அதுவே முதல் முறை. பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

சுடுகாட்டில், கொள்ளி வைக்கத் தாமோதரன் தன் மகனை முன்னால் தள்ளினார். வெண்ணிலா குறுக்கே வந்து நின்றாள். "எங்கம்மாவுக்கு நான் இருக்கறன் மாமா. தள்ளுங்க."

அவள்தான் வைத்தாள். மறுநாள் நாளிதழில், தம்பி மகன் இறுதிச் சடங்கு செய்ததாகச் செய்தி வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கொள்ளி வைத்தவள் மகள் வெண்ணிலா. மேடத்தின் கணவர் ஏழுமலை. மேடத்தின் மாணவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஆறுதலாக ஏதாவது சொல்லி முடிக்க எனக்கு வரவில்லை. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாராவது தங்கள் பரம்பரைப் பெருமையைச் சொல்லத் தொடங்கினால், "அதுல யாரை விட்டுட்டீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். சில வீடுகளில் இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை.