குற்றாலம் பஸ்ஸில் கேட்ட துட்டி

நான் பார்க்கும் ஜப்பானிய அனிமே தொடரில் நேற்று வந்த எபிசோடை இன்னும் பார்க்கவில்லை. கதை தெரிந்துவிடக் கூடாது என்று எல்லா அனிமே குரூப்பையும் மியூட்டில் போட்டிருந்தேன்.

இன்று காலை தென்காசியிலிருந்து குற்றாலம் பஸ். முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மேலகரம் தாண்டியதும் ஒருத்தி தேம்பி அழ ஆரம்பித்தாள்.

அவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா, சாவு விசாரிக்கத் துட்டி வீட்டுக்குப் போனவர் மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாருட்டி தவறிட்டா?”

மற்றவள்தான் பதில் சொன்னாள். “தம்பி, பெரியம்மா. சின்னப் பையன்.”

“சீக்கா?”

“இல்ல, சொந்த அண்ணனே குத்திக் கொன்னுட்டான்.”

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

“பெத்தவ எப்படித் தாங்குவா?”

“அவங்களப் போன பாகத்துலயே கொன்னுட்டாங்க.”

போன பாகமா?

எனக்குப் பகீரென்றது. என் தொடரில் முதல் பாகம் முழுக்க அந்தத் தம்பியை முதுகில் தூக்கிச் சுமந்த அண்ணனா?

பெரியம்மா விடவில்லை. “எப்பம்ட்டி பொணத்த எடுக்குதாவ?”

“அடுத்த எபிசோட்லதான் தெரியும்.”

குரூப்பில் கதையை உடைத்து ஸ்பாய்லர் போட்டவன் என்றால் பிளாக் பண்ணலாம். துட்டி கேட்டவரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.