ஆள் இல்லாத படங்கள்

என் கணவர் தோஹாவில் ஒரு கஃபட்டேரியாவில் டீ மாஸ்டராக இருக்கிறார். பாப்பா பிறந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் விடுமுறைக்கு வந்தார். வந்த அன்று அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பாப்பா என் போனைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்து, அதைத் தொட்டுக் காட்டி "அப்பா" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தன் அப்பாவை அறிமுகப்படுத்துகிற மாதிரி. மாமியார் சிரித்துவிட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. அந்த விடுமுறை முடிவதற்குள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வந்தால் டீயும் பலகாரமும் போடுகிற கடை வைப்பதாகத் திட்டம். புதுக்கோட்டை ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கடை காலியாகிறது என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் சொன்னார். இடம் சரியாக இருந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இல்லையென்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் இன்னும் இரண்டு வருஷம். கம்பெனி பதில் கேட்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

"சிநேகிதன் நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். நீ போயி எடுத்து அனுப்பு" என்றார். "கடை, அக்கம்பக்கம், ஸ்டேஷன், எல்லாத்தையும். எடத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

வீடியோ காலிலேயே காட்டக் கூடாதா என்றும் கேட்டார். நடுரோட்டில் நின்று போனில் பேசிக்கொண்டே திரும்பித் திரும்பிக் காட்ட எனக்குக் கூச்சம். போட்டோவாகவே எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் எம்.எஸ்சி., பி.எட். படித்தவள். எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கட்டடத்தைப் படம் எடுப்பது எப்படி என்று யூடியூபில் பார்த்தேன். போனைச் சாய்க்கக் கூடாது, சுவரின் விளிம்பு படத்தின் விளிம்போடு ஒத்துப்போக வேண்டும் என்று சொன்னார்கள். வீட்டு வாசலையும் எதிர்வீட்டுக் கேட்டையும் எடுத்துப் பழகினேன். பிறகு பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறினேன்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே மூன்று வளைவு ஜன்னல்கள். அவற்றுக்கு மேல் சுண்ணாம்பில் செய்த பூக்கொடி, பாதி உதிர்ந்து போயிருந்தது. கீழே மட்டும் யாரோ புதிதாக டைல்ஸ் ஒட்டி ஷட்டர் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் செருப்புக் கடை, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை. இரண்டு கடைகளின் சரக்கும் நடைபாதையைத் தாண்டி ரோட்டில் இறங்கியிருந்தது.

போனை எடுத்து நீட்டினேன். பிளாஸ்டிக் கடைக்காரர் பார்த்துவிட்டார். வாளிகளையும் முக்காலிகளையும் அவசரமாக உள்ளே இழுக்க ஆரம்பித்தார்.

"செருப்புக் கடை, நீயும் எடுத்துரு. அளக்க வந்துட்டாங்க" என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார்.

ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கு முன்னால் யாராவது வந்து கடை முகப்பைப் படம் எடுத்துப் போவது வழக்கமாம். எனக்கு அப்போது தெரியாது. செருப்புக் கடைக்காரர் தொங்கவிட்டிருந்த செருப்புகளைக் கொக்கியோடு கழற்றினார்.

"ஏம்மா, எந்த ஆபீசு? நகராட்சியா, ஹைவேசா?"

"இல்லங்கண்ணே, நான் சும்மா..."

"சும்மா யாராச்சும் செருப்புக் கடையப் போட்டோ எடுப்பாங்களா?"

"கையில புள்ளையோட ஆபீசர அனுப்பிருக்காங்கடி" என்றார் எதிரே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவிடம். "புள்ளையப் பாத்தா நாம சண்டைக்கு வர மாட்டோம்னு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், இந்தக் கடையை எடுக்கலாமா என்று பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டு விஷயத்தைத் தெருவில் சொல்லலாமா, வேறு யாராவது முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் ரோட்டோரம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கட்டடம் அடியிலிருந்து நுனிவரை தெளிவாகத் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

ஆட்கள்தான் மிச்சம். சைக்கிளில் வந்த டீக்காரரிடம் டீ குடிக்கிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள். தெருவில் ஒரு பெண் போனைத் தூக்கினால் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். அப்படியே எடுத்தால் படத்தில் இருக்கிற அத்தனை ஆண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கணவருக்கு எப்படி அனுப்புவது? சாயங்காலம் பாப்பாவின் படங்களைப் பார்க்க மாமியார் என் போனை வாங்குவார். தள்ளிக்கொண்டே வரும்போது முன்பின் தெரியாத ஆம்பளைகளின் முகமாக வந்தால் என்ன நினைப்பார்? அதனால் காத்திருந்தேன். ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் வந்து நின்றார். பாப்பா சிணுங்கினாள். தோள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நொடி வந்தபோதெல்லாம் எடுத்தேன்.

ரயில் நிலையத்திலும் அப்படித்தான். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். திருச்சிப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்தது. மஞ்சப்பையும் டிராவல் பேக்குமாக ஜனங்கள் இறங்கி, என்னை இடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். பாப்பா ரயிலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். ரயில் கிளம்பிப் போய், கூட்டமும் கலைந்த பிறகு, நீளமான பிளாட்பாரத்தையும் சிமெண்டு பெஞ்சுகளையும் தூண்களின் நிழலையும் எடுத்தேன். அழகான படம். நானா எடுத்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை விழுந்திருந்தது. அதையும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

"சூப்பரா எடுத்திருக்க" என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், கூப்பிட்டார். மாமியாரிடமும் பாப்பாவிடமும் பேசிவிட்டு, என்னைத் தனியாக வரச் சொன்னார். நான் கொல்லைப் பக்கம் போனேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

கடைக்கு என்றுதான் நினைத்தேன். அங்கிருந்தபடி எப்படிப் போட முடியும் என்றுகூடத் தோன்றவில்லை. "எப்ப வாரீங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான். ரெண்டு வருசம். அந்த எடம் ஆகாதுடா. நீ அனுப்புன ஒரு போட்டோவுலயாச்சும் ஒரு ஆளு இருக்கா? பக்கத்துக் கடையில தொங்கவிடக்கூடச் சரக்கு இல்ல. ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா இல்ல. அங்க போயி யாருக்கு டீ போடுறது?"

"ஆளு இருந்தாங்க" என்றேன்.

"எங்க?"

"நின்னாங்க. அவங்க போற வரைக்கும் வெயிட் பண்ணி எடுத்தேன்."

"ஏன் வெயிட் பண்ணுன?"

"ஆம்பளைங்களா நின்னாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அத எப்படி ஒங்களுக்கு அனுப்புறது?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் நகராட்சியிலிருந்து வந்ததாக நினைத்துப் பக்கத்துக் கடைக்காரர் வாளியை உள்ளே இழுத்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது யாரோ சொன்ன வேடிக்கைக் கதை மாதிரி இருந்தது.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றேன்.

"கம்பெனியில நேத்தே கேட்டுட்டாங்க. சரி விடு. நீ நல்லாத்தான் எடுத்திருந்த."

மாமியாரிடம் நான்தான் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவன் சிநேகிதன்கிட்டயாச்சும் கேட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார்.

அந்தக் கேள்விதான் இப்போதும் என்னோடு இருக்கிறது. சிநேகிதரிடம் அவர் ஏன் கேட்கவில்லை? படங்களைப் பார்த்துத்தான் முடிவெடுத்தாரா? இல்லை, ஊருக்கு வந்து கடை வைக்க உள்ளூரப் பயந்துகொண்டிருந்தவருக்கு என் படங்கள் வசதியாகக் கிடைத்தனவா? ஒரு நாள் முழுப் பிசகும் என்னுடையது என்று தோன்றுகிறது. இன்னொரு நாள் அவர்மேல் கோபம் வருகிறது. நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நின்று டீ போடுகிறவர்மேல் கோபப்படுகிறோமே என்று உடனே என்மேலேயே கோபம் வருகிறது. போனில் இதையெல்லாம் கேட்க முடியவில்லை. நேரில் கேட்கலாம் என்றால் அவர் வர நாள் இருக்கிறது.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ அந்த ரோடு வழியாக வந்தது. ஷட்டர் திறந்திருந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டிருந்தார்கள். பாய்லர் புதுசாக மின்னியது. ரயில் வந்த நேரம் போலிருக்கிறது. பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ரோட்டை அடைத்ததால் ஆட்டோவே கொஞ்ச நேரம் நின்றது. பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு கொதித்தது.

அன்று ராத்திரி அவர் கூப்பிட்டார். காய்ச்சல் விட்டுவிட்டதா, மருந்து உள்ளே போகிறதா என்றெல்லாம் கேட்டார். வைக்கப் போகிற நேரத்தில், "அந்தக் கடைய யாராச்சும் எடுத்துட்டாங்களா?" என்றார்.

"இல்லங்க. பூட்டித்தான் கெடக்கு."

"நெசமாவா?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டு வருசம் கழிச்சும் கெடைக்கும்" என்றார். குரலில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.